தோற்காத வக்கீலும் சாவிக்காரியின் கதவும்

இருபத்திரண்டு வருஷ அரசுப் பணியில் ஒரே ஒரு வழக்கில்கூடத் தோற்காத வக்கீல் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவசரப்பட்டு வியந்துவிட வேண்டாம். அவர் ஒரே ஒரு வழக்கில்கூட ஜெயித்ததும் இல்லை. வழக்கு முடிந்தால்தானே ஜெயிப்பதும் தோற்பதும்? அவர் கைக்குப் போன வழக்கு முடிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

கோர்ட்டில் அவரை வாய்தா வக்கீல் என்பார்கள். கேலியாக வைத்த பெயர் என்று எண்ணிவிடாதீர்கள், முழு மரியாதையோடு வைத்த பெயர். வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கச் சொல்லி வாய்தா கேட்பது எல்லா வக்கீலும் செய்கிற காரியம்தான். ஆனால் மற்றவர்கள் கேட்கும்போது தொண்டையைக் கனைப்பார்கள், தலையைச் சொறிவார்கள், குரலில் கொஞ்சம் வெட்கம் தட்டும். இவர் கேட்கிற விதமே வேறு. எழுந்து நிற்பார். அங்கி இடது தோளிலிருந்து சரியும். அதை நிதானமாக ஏற்றிவிட்டுக்கொள்வார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கோப்பைப் புரட்டுவார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பது நீதிபதி முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். நாலு பக்கம் புரட்டி, பெருமூச்சு விட்டு, "ஐயா, இது ஆழமான விஷயம். அரசுக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்" என்பார். அந்த "ஆழமான" என்ற சொல்லைக் கேட்டதும் நீதிபதிக்கே கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். நாள் கொடுத்துவிடுவார்.

அரசு வக்கீல்கள் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு முறை பதக்கம் கொடுப்பார்கள். தோல்வி காணாதவருக்கான பதக்கம். இருபத்திரண்டு வருஷமும் அது இவருக்கே போனது. கடைசிப் பத்து வருஷம் மற்றவர்கள் விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய் மாட்டிக்கொண்டாள் ஒரு சாவிக்காரி.

கடைத்தெருவில் பேருந்து நிற்கிற முனையிலிருந்து மூன்றாவது கதவு அவளுடைய கடை. புருஷன் விட்டுவிட்டுப் போனது. ஆறடி அகலம், எட்டடி நீளம். உள்ளே சாவி வெட்டுகிற இயந்திரம் ஒன்று. சுவர் நிறைய ஆணிகளில் வெட்டாத சாவிகள். சாவி தொலைத்தவர்கள், வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்கள், பீரோ திறக்காமல் அழுகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். திறந்து கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை சாவியைக் கழுத்துல மாட்டிக்குங்க" என்பாள்.

தெருவின் மறு கோடியில் ஒரு பெயின்ட் கடை. தீப்பிடிக்கிற சரக்கை அனுமதி இல்லாமல் கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததால், அந்தக் கடையைப் பூட்டி முத்திரை வைக்கச் சொல்லி அரசுத் துறை ஒன்று உத்தரவு போட்டது. உத்தரவில் நாளும் நேரமும் தெளிவாக இருந்தன: இன்ன தேதி, மாலை ஐந்து மணிக்குள்.

அந்தத் தேதியில் அதிகாரி ஒருவரும் இரண்டு பியூன்களும் பூட்டு, அரக்கு, பசை, காகிதம் சகிதமாகப் பேருந்தை விட்டு இறங்கினார்கள். அப்போது மணி நாலு ஐம்பத்தாறு. பூட்டைத் தூக்கி வந்த பியூனுக்கு முழங்கால் வலி. தெருவின் கோடியைப் பார்த்தார் அதிகாரி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த சாவிக்கடையைப் பார்த்தார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. இந்தப் பூட்டு இன்னிக்கு மட்டும் உங்க கதவுல தொங்கட்டும்."

"என் கதவுலயா? எதுக்குங்க?"

"அஞ்சு மணிக்குள்ள பூட்டியாகணும். அங்க நடந்து போறதுக்குள்ள அஞ்சு அடிச்சிடும். காலையில வந்து கழட்டி அந்தக் கடையில மாட்டிடறோம்."

"அப்ப காலையிலயே வந்து பூட்டலாமே?"

"காலையில பூட்டினா உத்தரவை மீறின மாதிரி ஆயிடும்மா. நேரத்துக்குப் பூட்டறதுதான் முக்கியம். எதைப் பூட்டறோம்ங்கறது அப்புறம்."

அவசரத்தில் இருக்கிற மனிதரை ஏமாற்றத்தோடு அனுப்பி அவளுக்குப் பழக்கம் இல்லை. கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பூட்டு தொங்கியது. அரக்கு உருகியது. முத்திரை விழுந்தது. 'பெயின்ட் கடை மாலை 4.58-க்குப் பூட்டி முத்திரையிடப்பட்டது' என்று அதிகாரி அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெயின்ட் கடைக்காரர் அந்நேரம் தன் கடை வாசலில் நின்று யாருக்கோ நீல நிறம் கலந்துகொண்டிருந்தார்.

சொன்ன சொல் தவறாமல் அதிகாரி மறுநாள் காலை வந்தார். ஆனால் முகம் சரியில்லை.

"போடறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கும்மா. எடுக்கறதுக்கு இல்லையாம். நேத்து விதியைப் படிக்கறப்போ அடுத்த பக்கத்தைத் திருப்பாம விட்டுட்டேன். கோர்ட்டு சொன்னாத்தான் கழட்டணும். ஒரு மனு போட்டுடுங்க. ஒரே வாரம்."

அவளுடைய கொழுந்தனுக்குச் சேதி போனது. அவன் பேருந்து ஓட்டுநர். வண்டியை முனையில் நிறுத்திவிட்டு, பயணிகள் பார்க்கப் பார்க்க இறங்கி ஓடி வந்தான்.

"என்ன அண்ணி கூத்து இது? ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் நீங்க திறக்கறீங்க. இதுக்கு ஒரு கம்பி போதாதா?"

"அது அரசாங்கப் பூட்டுப்பா."

"அரசாங்கப் பூட்டுன்னா என்ன, உள்ள கொம்பா முளைச்சிருக்கு?"

"ஆறு லீவர். நல்ல பூட்டுதான். நானே திறந்துடுவேன். ஆனா அந்தக் காகிதத்தைப் படி."

முத்திரையை உடைப்பவருக்கு மூன்று வருஷம் சிறை என்று காகிதத்தில் இருந்தது. கொழுந்தன் இரண்டு முறை படித்தான். பேருந்தில் பயணிகள் கத்த ஆரம்பித்தார்கள். "ஒரு வாரம்தானே, விடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

சாவிக்காரி ஒரு முக்காலி வாங்கித் தன் கடை வாசலிலேயே போட்டு உட்கார்ந்தாள். கையில் ஓர் அரமும் நாலு கம்பியும். வெட்டுகிற இயந்திரம் உள்ளே இருந்ததால் புதுச் சாவி செய்ய முடியாது. திறந்து கொடுக்க மட்டும் முடியும். பூட்டிய கடைக்கு முதுகைக் காட்டியபடி ஊரார் பூட்டுகளைத் திறந்துகொண்டிருந்தாள். புதிதாக வந்தவர்கள், "ஏம்மா, உங்க கடைச் சாவி தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் முதல் வருஷம் கூடவே சிரித்தாள்.

மனு போட்டாள். அரசுத் தரப்பில் பதில் எழுதியவர் நம் வாய்தா வக்கீல். வாக்கியத்துக்கு வாக்கியம் மறுப்பது அவருடைய முறை. எதை ஒப்புக்கொண்டாலும் பின்னால் தொல்லை என்று அந்த அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'மனுதாரர் சாவி செய்பவர் என்பது மறுக்கப்படுகிறது. மனுதாரர் கைம்பெண் என்பது மறுக்கப்படுகிறது. கடைத்தெரு ஒன்று உள்ளது என்பதை மனுதாரரே நிரூபிக்கக் கடமைப்பட்டவர்' என்று பதினேழு பக்கம் போனது அது.

கோர்ட் வராந்தாவில் நகலை வாங்கிப் படித்தவள் வக்கீலிடமே போய்க் கேட்டாள்.

"சார், நான் கைம்பெண் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. அவர் உயிரோட இருக்காரா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா மறுத்து வச்சிருக்கோம்."

"எங்க இருக்கார்னு தெரிஞ்சா சொல்லுங்க சார். கேக்க வேண்டியது நிறைய இருக்கு."

வக்கீல் அவளைக் கருணையோடு பார்த்தார். "சட்ட நடை உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வாய்தா வாங்கினார்.

ஒரு வாரம் ஒரு வருஷமானது. ஒரு வருஷம் ஒன்பது வருஷமானது. கோப்பு வேறு அறையில் இருக்கிறது என்று ஒரு முறை. கோப்பு இருக்கிற அறையின் சாவி விடுப்பில் போனவரிடம் இருக்கிறது என்று ஒரு முறை. அன்றைக்குச் சாவிக்காரி எழுந்து, "ஐயா, நான் வேணா வந்து திறந்து தரட்டுமா?" என்று கேட்டாள். எதிர்த் தரப்பு அரசு அறையைத் திறப்பது எவ்வளவு பெரிய அபாயம் என்று வக்கீல் அரை மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சைத் தட்டச்சு செய்ய அவகாசம் வேண்டும் என்று அதற்கும் ஒரு நாள் வாங்கினார்.

"சார், போன தடவை சொன்ன காரணத்தையேதான் இந்தத் தடவையும் சொன்னீங்க" என்றாள் அவள் ஒரு நாள்.

"இல்லம்மா, கவனமா கேக்கணும். போன தடவை கோப்பு மேல்மாடியில இருந்துச்சு. இப்ப கீழ்மாடிக்கு வந்திருக்கு. முன்னேற்றம் இருக்குல்ல?"

ஒன்பதாவது வருஷம் வாய்தா வக்கீல் பணி ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரக் கூட்டத்துக்கு மூன்று நீதிபதிகள் வந்தார்கள். வக்கீல் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, ஒரு வக்கீலுக்கு என்ன வேண்டும்? பொறுமை. எனக்கு எதிராக வழக்குப் போட்டவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மீதிப் பேருக்கு எதற்காக வழக்குப் போட்டோம் என்பது மறந்துவிட்டது. ஆனால் ஒருவராவது என்னிடம் தோற்றதாக வருத்தப்பட்டது உண்டா? யாரையும் அழவைக்காமல் இருபத்திரண்டு வருஷம் அரசைக் காப்பாற்றியிருக்கிறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவரிடம் தொழில் பழகிய சின்ன வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குருவின் இடத்துக்கு வரப்போகிறவர் அவர்தான்.

ஓய்வு பெற்ற மறுவாரமே கோர்ட்டுக்கு எதிரே மாடியில் வாய்தா வக்கீலின் சொந்த அலுவலகம் திறந்தது. வாசல் பலகையில் 'முன்னாள் அரசு வழக்கறிஞர்' என்பது முழ உயர எழுத்தில் இருந்தது. பெயர் கீழே, கண்ணைச் சுருக்கினால் தெரிகிற அளவில். அவருடைய குமாஸ்தா முதல் வேலையாகக் கடைத்தெருவுக்கு வந்து சாவிக்காரியின் முக்காலி அருகே குந்திக்கொண்டார்.

"உங்க வழக்கு இந்த ஊர்லயே அவருக்குத்தான்மா தெரியும். ஒன்பது வருஷமா கேஸ் கட்டைச் சுமந்தவர். அவரை விட்டா வேற யாரு?"

"சுமந்தது என்னை எதிர்த்துல்ல?"

"அதனாலதான் சொல்றேன். உங்களை எப்படித் தடுக்கலாம்னு தெரிஞ்சவருக்கு, எப்படி விடலாம்னும் தெரியும்ல?"

நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. போனாள். வக்கீல் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வராந்தாவில் ஒன்பது வருஷம் நின்றவளுக்கு அதுவே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரசின் பதிலை அவர் முதல் தடவையாக முழுசாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"அபாரம். எப்படிப்பட்ட மூளை! இதை உடைக்கறது ரொம்பக் கஷ்டம்மா."

"அதை எழுதினது நீங்கதான் சார்."

"தெரியும். அதான் கஷ்டம்ங்கறேன்."

முதல் விசாரணை வந்தது. அரசுத் தரப்பில் சின்ன வக்கீல் நின்றார். அனுபவம் போதாது, பாவம். கோப்பையும் கையோடு எடுத்து வந்துவிட்டார். "அரசு தயார் ஐயா" என்று உளறியும் வைத்தார். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. நீதிபதி நம்மவரைப் பார்த்தார். நம்மவர் எழுந்தார். அங்கி சரிந்தது. ஏற்றிவிட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, இது ஆழமான விஷயம். கொஞ்சம் அவகாசம்..."

சாவிக்காரி பின்னாலிருந்து அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்தாள். "சார், சார்! இப்ப நாம கதவைத் திறக்கச் சொல்ற பக்கம்!"

அதற்குள் ஆறு மாதம் எழுதியாகிவிட்டது.

"பழக்கம்மா" என்றார் வெளியே வந்து. கொஞ்சமும் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? கேட்ட உடனே குடுத்தாரு. நம்ம பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கு."

ஆறு மாதம் கழித்து நிஜமாகவே வாதாடினார். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், நன்றாக வாதாடினார். பதினேழு பக்கத்தையும் கிழிகிழியென்று கிழித்தார். "இதை எழுதியவர் சட்டக் கல்லூரி வாசலையாவது மிதித்தவரா? ஏழைப் பெண்ணின் கண்ணீரை மறுத்திருக்கிறாரே, இவர் மனிதர்தானா?" என்று மேஜையில் தட்டினார்.

"கையெழுத்து உங்களுடையது போல இருக்கிறதே?" என்றார் நீதிபதி.

"ஐயா, அப்போது நான் அரசுப் பணியில் இருந்தேன். அந்த மனிதருக்கும் எனக்கும் இப்போது எந்தத் தொடர்பும் இல்லை."

சின்ன வக்கீல் பதில் சொல்ல எழுந்தார். குருவை எதிர்த்துப் பேச நா எழவில்லை. உட்கார்ந்துவிட்டார். நீதிபதி பேனாவை எடுத்தார். "சரி, வேறு ஒன்றும் இல்லையே? தீர்ப்பை இப்போதே சொல்லிவிடட்டுமா?"

சாவிக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். வக்கீலின் முகமோ வெளிறிப்போனது. தீர்ப்பு என்ற பொருளை அத்தனை கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"ஐயா... இவ்வளவு அவசரம் எதற்கு? தீர்ப்பைப் பெற்றுக்கொள்ள எங்கள் தரப்புக்குக் கொஞ்சம் அவகாசம்..."

பேனா மூடிக்கொண்டது. அடுத்த தேதிக்கு முன்பே அந்த நீதிபதி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வாய்க்கு வந்துச்சே சார், தட்டிவிட்டுட்டீங்களே."

"தோத்துட்டா? யோசிச்சுப் பாருங்கம்மா. இத்தனை வருஷம் ஒரு தோல்வி கிடையாது எனக்கு. உங்க ஒரு கதவுக்காக அந்தப் பேரைப் பணயம் வைக்க முடியுமா?"

அவள் வேறு வக்கீலைத் தேடிப் போகாமல் இல்லை. வாய்தா வக்கீல் வழக்குக் கட்டை விட்டுத் தரவில்லை என்பதால் யாரும் எடுக்க மாட்டேன் என்றார்கள். கட்டைத் திருப்பித் தர அவர் அவகாசம் கேட்டிருந்தார்.

பதினோராவது வருஷம் முடிந்து சில மாதம் ஆகியிருக்கும். பூட்டுப் போட்ட அதே துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொழுந்தன் உரக்கப் படித்தான். பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து திறக்கப்படாத கடை கைவிடப்பட்ட கடையாகக் கருதப்படும். துறை அதை எடுத்துக்கொள்ளும். தாங்கள் கடையை இத்தனை காலம் ஏன் திறக்கவில்லை என்பதற்கு விளக்கம் தரவும்.

"அண்ணி, இவனுங்களே பூட்டிட்டு, ஏன் திறக்கலைன்னு கேக்கறானுங்க."

"எத்தனை நாள் இருக்குன்னு போட்டிருக்கா?"

"அஞ்சு மாசம்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தபடி திரும்பி, கதவின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். இருட்டுதான் தெரிந்தது. அந்த இருட்டு துறைக்குப் போகப்போகிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்க ஓடினாள். மாடியில் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் புது அங்கி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சமயத்துல வந்தீங்கம்மா. அரசாங்கம் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கு. சிறப்பு வழக்கறிஞர். இதுல என்ன விசேஷம்னா, உங்க வழக்கையும் எங்கிட்டயே குடுத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தானாம்."

"அப்ப என்னை விட்டுட்டுப் போறீங்களா சார்?"

"விட்டுட்டுப் போவேனா? அதே வழக்குலதான் இருக்கப் போறேன். எதிர்ப்பக்கமா உக்காருவேன், அவ்வளவுதான். அதுவும் உங்களுக்கு நல்லதுதான். உங்க ரகசியமெல்லாம் எனக்குத் தெரியும். சீக்கிரம் முடிச்சுடலாம்."

"எனக்கென்ன சார் ரகசியம்? கதவைத் திறங்கன்னு கேக்கறேன். அது தெருவுக்கே தெரியும்."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அரசு வக்கீல்களுக்கெல்லாம் தலைவர் பதவி அப்போது காலியாக இருந்தது. வாய்தா வக்கீல் விண்ணப்பம் வாங்கி அழகாக நிரப்பிக்கொண்டு வந்தார். ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'இதுவரை தோற்ற வழக்குகள்' என்ற எட்டாவது கேள்விக்குப் பெருமையோடு 'இல்லை' என்று எழுதியிருந்தார். ஒன்பதாவது கேள்வி, 'வென்ற வழக்குகள்.' அதற்கும் 'இல்லை' என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது என்று குமாஸ்தாவே சொன்னார். ஒன்றாவது வேண்டும். உடனே வேண்டும். கையில் இருப்பதிலேயே எளிய எதிராளி யார் என்று யோசித்தார். சாவிக்காரி நினைவுக்கு வந்தாள்.

கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வழக்கு வந்தது. அவளுக்காகப் பேச யாரும் இல்லாததால் அவளே நின்றாள். வாய்தா வக்கீல் எழுந்தார். அங்கி சரியவில்லை. கண்ணாடியையும் கழற்றவில்லை.

"அரசு தயார் ஐயா. இன்றே தீர்ப்பு வேண்டும்."

கோர்ட்டில் யாரோ கையிலிருந்த காகிதக் கட்டைத் தவறவிட்டார்கள்.

"ஐயா, இந்த வழக்கே ஒரு கற்பனை" என்று தொடங்கினார். "அரசு பூட்டியது பெயின்ட் கடையை. இதோ அன்றைய பதிவு. மாலை 4.58, பெயின்ட் கடை, அதிகாரியின் கையெழுத்து. சாவிக்கடையைப் பூட்டியதாக அரசிடம் ஒரு வரிகூட இல்லை. பூட்டாததை எப்படித் திறப்பது?"

"அப்படியானால் அவருடைய கதவில் தொங்குவது என்ன?" என்றார் நீதிபதி.

"அது அரசுக்குத் தெரியாது ஐயா. மனுதாரர் பூட்டுத் தொழில் செய்கிறவர். அவர் கடைக் கதவில் ஒரு பூட்டு தொங்குவதில் என்ன ஆச்சரியம்? துணிக்கடையில் துணி தொங்குவதில்லையா?"

"ஐயா, பெயின்ட் கடை திறந்துதான் இருக்கு. காலையில வரும்போதுகூடப் பாத்தேன்" என்றாள் சாவிக்காரி.

"அந்தக் கடை இந்த வழக்கில் இல்லை" என்றார் வக்கீல். "பதிவின்படி அது பன்னிரண்டு வருஷமாகப் பூட்டியிருக்கிறது."

நீதிபதி பதிவைத் திருப்பிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. சாவிக்காரியிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை மழை எப்போதோ தின்றுவிட்டது. மனு தள்ளுபடி. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

வாய்தா வக்கீலைச் சுற்றி எல்லோரும் கூடிக் கைகுலுக்கினார்கள். சின்ன வக்கீல், "ஐயா, வாய்தா இல்லாமலேயே!" என்று குழறினார். வக்கீல் ஒன்பதாவது கேள்விக்கு நேரே 'ஒன்று' என்று அங்கேயே எழுதினார்.

சாவிக்காரி படியில் உட்கார்ந்துவிட்டாள். தீர்ப்பின் நகல் மடியில் கிடந்தது. கொழுந்தன் விடுப்புப் போட்டு வந்திருந்தான்.

"வாங்க அண்ணி, வீட்டுக்குப் போலாம். நம்ம வீட்டுலயே வந்து இருங்க. என் பொண்டாட்டியும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா."

"என்ன எழுதியிருக்காங்கன்னு படி."

"படிச்சு என்ன ஆகப்போகுது?"

"படிடா."

"மனுதாரரின் கடையை அரசு எக்காலத்திலும் பூட்டவில்லை. மனுதாரரின் கதவில் அரசுப் பூட்டோ அரசு முத்திரையோ இல்லை என்று இந்த நீதிமன்றம்..."

"இன்னொரு தரம் படி."

படித்தான். பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தான். அவள் அதற்குள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பஸ் எத்தனை மணிக்குடா?"

கடைத்தெருவில் இறங்கியதும் முக்காலியை ஓரமாகத் தள்ளினாள். கம்பிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். தெரு முழுக்கக் கூடி நின்றது. பெயின்ட் கடைக்காரர்கூடக் கையில் தூரிகையோடு வந்திருந்தார். துரு ஏறிப்போன பூட்டு. எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள். காதைப் பூட்டின் மேல் வைத்தாள். கொழுந்தன் ஆறு வரைக்கும் விரல் விட்டு எண்ணினான். பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

உள்ளே எல்லாம் இருந்தன. இயந்திரத்தின் மேல் ஒரு விரற்கடை தூசி. ஆணிகளில் சாவிகள் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இழுப்பறையில் புருஷனுடைய மூக்குக் கண்ணாடி. அதைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, இயந்திரத்தின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். முனகிக்கொண்டே சுற்றியது.

பூட்டுப் போட்ட அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"முத்திரையை உடைச்சுட்டீங்களா? மூணு வருஷம்மா! மூணு வருஷம்!"

சாவிக்காரி தீர்ப்பை நீட்டினாள். அவர் படித்தார். முகம் சுருங்கியது. வெளியே போய் வாய்தா வக்கீலுக்குப் போன் போட்டார். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"சார், அந்தம்மா நம்ம பூட்டைத் திறந்துடுச்சு சார். கேஸ் போடலாமா?"

மறுபக்கம் வக்கீல் மனசுக்குள் கணக்குப் போட்டார். நம் பூட்டு என்று ஒப்புக்கொண்டால் தீர்ப்பு கவிழும். தீர்ப்பு கவிழ்ந்தால் ஒன்பதாவது கேள்வி காலியாகும்.

"எந்தப் பூட்டு?" என்றார் வக்கீல்.

"நான் என் கையால போட்டேனே சார், பன்னெண்டு வருஷம் முன்னாடி..."

"நீ பூட்டினது பெயின்ட் கடையை. கோர்ட்டே சொல்லியாச்சு. அது நம்ம பூட்டு இல்ல. இனிமே அப்படிப் பேசினா நீதிமன்ற அவமதிப்பு, ஞாபகம் வச்சுக்க."

அதற்கு அடுத்த மாதம் வாய்தா வக்கீல் அரசு வக்கீல்களுக்கெல்லாம் தலைவரானார். வழக்குகள் தேங்குவதைத் தடுக்கும் குழுவையும் அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். குழு இன்னும் கூடவில்லை.

அன்றைக்கு அதிகாரி போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, ஒரு சங்கடம். ஆபீஸ் கையிருப்புப் பதிவுல ஒரு ஆறு லீவர் பூட்டு என் பேர்ல இருக்கு. சாவி எப்பவோ தொலைஞ்சுபோச்சு. அடுத்த மாசம் ஓய்வு. அதைக் காட்டலைன்னா விட மாட்டாங்க. இது நம்ம பூட்டுன்னு சொல்லிக் கேக்கவும் முடியாது. ஒரு பூட்டு வாங்கற மாதிரி வாங்கிக்கட்டுமா?"

"அதுக்கென்ன, கடைதானே? வாங்கிக்குங்க. சாவி இல்லாத பூட்டை எப்படிங்க விக்கறது? கொஞ்சம் உக்காருங்க."

முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். பூட்டைப் பிரித்து, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு மூடினாள். ஆணியிலிருந்து வெட்டாத சாவிகளை எடுத்து இயந்திரத்தில் பொருத்தினாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பித்தளைத் தூள் பறந்தது. ஒவ்வொரு சாவியாகப் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

"இந்தாங்க. இனிமே எந்தக் கதவுல போட்டாலும் நல்லா திறக்கும்."

அதிகாரி நன்றி சொல்லி, பூட்டையும் இரண்டு சாவிகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்தைப் பிடிக்கப் போனார்.

அவள் வெட்டியது மூன்று.